கேட்பாரற்ற தண்ணீர்



அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த கெர்ன் மாவட்டத்தில் 2007-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அது மழை குறைந்த ஆண்டு. அத்தகைய ஆண்டில் கொசு குறைய வேண்டும். கொசுவினால் வரும் காய்ச்சலும் குறைய வேண்டும். ஆனால் மேற்கு நைல் காய்ச்சல் என்னும் கொசுக் காய்ச்சல் அவ்வாண்டில் அங்கே பன்மடங்கு பெருகிற்று. காரணம் என்ன என்பதை விமானத்திலிருந்து எடுத்த படங்கள் காட்டிக்கொடுத்தன. வீடுகளின் பின்புறத்தில் நீலமாக மின்ன வேண்டிய நீச்சல் குளங்கள் பல, பாசி படர்ந்து பச்சையாகக் கிடந்தன. வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கியவர்கள் தவணை கட்ட முடியாமல், வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு வெளியேறிய காலம் அது. பூட்டிய வீட்டின் குளத்தை யார் கவனிப்பார்? கடன் கொடுத்த வங்கிக்கு வீட்டின் விலைமேல் கண்ணே தவிர, அதன் தண்ணீர்மேல் கண் இல்லை. கொசுவுக்குத் தண்ணீர்மேல்தான் கண்.

நீச்சல் குளம் ஒன்று நன்றாக இருக்கும்போது அதில் கொசு வளர்வதில்லை. குளோரின் மருந்து போடுவதால்தான் வளர்வதில்லை என்று பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. இயந்திரம் ஓடித் தண்ணீரை இழுத்து வடிகட்டித் திரும்ப விடுவதால் மேற்பரப்பு ஓயாது அசைகிறது. விழுந்த சருகும் பூச்சியும் முட்டையும் அப்போதைக்கப்போது அகற்றப்படுகின்றன. கொசுப்புழுவுக்கு வேண்டியது அசையாத நீர். மின்சாரம் நின்று இயந்திரம் ஓய்ந்தால், வெயிலில் குளோரின் சில நாட்களிலேயே போய்விடும், பாசி பிடிக்கும், பாசி புழுவுக்கு உணவாகும். ஒரு பெண் கொசு ஒரு தடவையில் நூறு முதல் இருநூறு முட்டைகள் வரை இடும். ஒரு குளத்துக்கு எத்தனை கொசுக்கள் வந்து முட்டையிடும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய்க்காக ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நம் நாட்டின் நீச்சல் குளங்கள் யாவும் மூடப்பட்டு மாதக்கணக்கில் மூடியே கிடந்தன. அப்போது குளத்தை வைத்திருந்தோர் பலருக்குக் குளத்தை மூடுவது வேறு, குளத்துக்கு விடுமுறை கொடுப்பது வேறு என்பது விளங்கியிருக்கும். தண்ணீரை இறைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறே. இறைத்த குளத்தின் ஆழமான மூலையில் மழைநீர் ஒரு சாண் நின்றாலும் போதும். மேலும், எண்ணூரைப் போலக் கடலோர மணற்பாங்கில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். மழைக்காலத்தில் குளத்தை முழுவதும் காலி செய்தால், கீழிருந்து அழுத்தும் நீர் குளத்தின் அடித்தளத்தையே தூக்கிப் பிளந்துவிடக்கூடும். மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி வைப்போரும் உண்டு. அந்த விரிப்பு நடுவில் குழிந்து, தானே ஒரு குட்டிக் குளமாகிவிடுகிறது.

ஆனால் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நீச்சல் குளத்தைப் பற்றி இவ்வளவு சொல்வானேன்? புதிதாக எழும் சில அடுக்குமாடிகளில் அன்றி, இப்பகுதியில் நீச்சல் குளம் காண்பது அரிது. உண்மைதான். ஆயினும் நம்மிடம் கேட்பாரற்ற குளங்கள் இல்லாமல் இல்லை. அவற்றுக்கு நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம். கொல்லைக் கிணறு, மொட்டைமாடித் தொட்டி, மூடிய ஆலையின் குளிர்நீர்த் தொட்டி, கரையில் ஏற்றி வைத்த படகு என்பன அப்பெயர்கள்.

இவற்றை ஆராயுமுன், கொசுக்களில் எது எந்த நீரை நாடும் என்று சிறிது தெரிந்துகொள்ளவேண்டும். வடசென்னையில் யாரைக் கேட்டாலும் கொசுவுக்குக் காரணம் பக்கிங்காம் கால்வாய் என்றும், ஓட்டேரி நல்லா என்றும் சொல்வார்கள். மாலையில் கூட்டமாக வந்து காதருகே பாடித் தூக்கத்தைக் கெடுக்கும் கியூலெக்ஸ் கொசு அங்கேதான் பிறக்கிறது; அதில் ஐயமில்லை. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு இதுவே. ஆனால் மலேரியாக் காய்ச்சலைத் தரும் அனோபிலிஸ் கொசு சாக்கடையில் வளர்வதன்று. நகரங்களில் அந்நோயைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் இனம் நல்ல தண்ணீரையே தேடும். நாம் குடிக்கும் நீர், கட்டடத்துக்குப் பாய்ச்சும் நீர், கிணற்று நீர் இவையே அதற்கு உகந்தவை. டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் பரப்பும் ஏடிஸ் கொசுவும் பெரும்பாலும் தெளிந்த நீரில்தான் வளர்கிறது. சுருங்கச் சொன்னால், நம் மூக்குக்குப் பிடிக்காத தண்ணீர் நம் தூக்கத்தைக் கெடுக்கிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரே உயிருக்கு உலை வைக்கிறது. கால்வாயைத் தூர்வாரினால் மலேரியா போய்விடும் என்று எதிர்பார்த்து ஏமாறுவது இதனால்தான். தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேறு வேலை, இது வேறு வேலை.

புழுக்களைப் பார்த்தே இனத்தை ஓரளவு சொல்லிவிடலாம். வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் நீரை மொண்டு வெயிலில் பாருங்கள். தலைகீழாகத் தொங்கி, வாலருகிலுள்ள குழாயை மட்டும் மேற்பரப்பில் நீட்டி மூச்சு விடுவது கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடப்பது அனோபிலிஸ். அதற்கு அந்தக் குழாய் இல்லை. முட்டையிடும் முறையும் வெவ்வேறு. கியூலெக்ஸ் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு தெப்பமாக மிதக்கும். அனோபிலிஸ் முட்டைகள் தனித்தனியே மிதக்கும். ஏடிஸ் கொசுவோ நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. அம்முட்டைகள் காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் சாவதில்லை. மீண்டும் நீர் ஏறியதும் பொரிக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும். முட்டை பொரித்துப் புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, அது கொசுவாய்ப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் எட்டு முதல் பத்து நாட்கள் ஆகின்றன.

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் ரொனால்டு ராஸ். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில், நோயாளியைக் கடித்த அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்காக 1902-இல் நோபல் பரிசும் பெற்றார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1883-இல், அவர் பெங்களூரில் இளம் இராணுவ மருத்துவராக இருந்தபோது நடந்த ஒரு சிறு செய்தி எனக்குப் பரிசைவிட முக்கியமாகப் படுகிறது. தம் விடுதியில் மட்டும் கொசு மிகுதியாக இருக்கக் கண்ட அவர், சன்னலுக்கு வெளியே இருந்த ஒரு நீர்த்தொட்டியில் புழுக்கள் நெளிவதைப் பார்த்தார். தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. மற்ற பாத்திரங்களையும் இவ்வாறே கவிழ்க்கலாமே என்று மேலதிகாரியிடம் சொன்னபோது, இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கலாமா என்று அவர் மறுத்துவிட்டாராம். அந்த அதிகாரியின் வழித்தோன்றல்கள் இன்றும் எல்லாத் தெருக்களிலும் இருக்கின்றனர்.

கிணற்றுக்கு வருவோம். இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டைப் பகுதிகளில் பழைய வீடு என்றால் கொல்லையில் ஓர் உறைகிணறு இருக்கும். மணற்பூமி ஆதலால் சுட்ட மண் உறைகளையோ சிமெண்டு உறைகளையோ ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டுவர். பத்துப் பதினைந்து அடியிலேயே நீர் வந்துவிடும். செங்குன்றம் ஏரி நீர் 1872-இல் நகருக்கு வந்தது. குழாய் பரவப் பரவக் கிணற்றின் மதிப்புக் குறைந்தது. நீர் உப்பேறிய இடங்களில் துணி துவைக்க மட்டும் என்றாயிற்று. பின் அதற்கும் இல்லை என்றாயிற்று. நாள்தோறும் நாலு வீட்டுப் பெண்கள் இறைத்த கிணற்றில் கொசுப்புழு நிலைப்பது கடினம். வாளி விழுந்து விழுந்து நீர் அலைந்துகொண்டே இருக்கும். இராட்டினம் துருப்பிடித்த கிணறுதான் ஆபத்தானது. இதுவும் கலிபோர்னியாவின் நீச்சல் குளத்தின் கதையே. நீர் கெட்டதனால் கேடு வரவில்லை. பழக்கம் விட்டுப்போனதனால் வந்தது.

இந்தக் கதையை முதலில் முழுமையாக எழுதிக் காட்டிய நகரம் பம்பாய். அங்கே அலெக்சாந்திரா கப்பல்துறை கட்டப்பட்டுவந்த ஆண்டுகளில் துறைமுகத்தை அடுத்த தெருக்களில் மலேரியா கடுமையாகப் பரவிற்று. சதுப்பும் வயலும் இல்லாத நடுநகரில் மலேரியா எப்படி வந்தது? ஆராய வந்த பெண்ட்லி என்ற மருத்துவர் 1911-இல் அளித்த அறிக்கையில் விடை சொன்னார்: வீட்டுக் கிணறுகள், ஆலைகளின் தொட்டிகள், அவற்றில் வளரும் ஸ்டீபன்சி கொசு. கிணறுகளைத் தூர்க்க வேண்டும் என்றதும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. முக்கியமாகப் பார்சி மக்கள் கிணற்றைப் புனிதமாகக் கருதுபவர்கள். வழிபாட்டுக்குரிய கிணற்றைத் தூர்க்காமல், கொசு புகாதபடி மூடி, இறைக்க மட்டும் ஒரு சிறு கதவு வைப்பது என்று இணக்கம் காணப்பட்டது. நம் ஊரில் கோயில் கிணற்றையோ தர்காவின் கிணற்றையோ பற்றிப் பேச நேரும்போது இந்தப் பழைய வழி நினைவுக்கு வரவேண்டும். கிணற்றை ஒழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை; அதற்கு ஒரு மூடி போடச் சொல்கிறோம், அவ்வளவே.

நம் பகுதிக்கும் பழைய தொடர்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியா ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்த ஊர்களில் எண்ணூரும் ஒன்று. பின்னர் 1950-களில் டி.டி.டி. மருந்தால் நாடெங்கும் மலேரியா ஒடுங்கியது. அது ஒழிந்தே போயிற்று என்று மகிழ்ந்திருந்த வேளையில் திரும்பி வந்தது. 1976-இல் நாட்டில் 64 இலட்சம் பேருக்கு நோய் கண்டதாகப் பதிவாயிற்று. நகர மலேரியாவுக்கென்று தனித் திட்டம் 1971-இல் தொடங்கப்பட்டது. பல ஆண்டுகள் தமிழ்நாட்டின் மலேரியா நோயாளிகளில் பெரும்பகுதியினர் சென்னை நகரத்தவராகவே இருந்தனர். அந்த நிலை இன்று இல்லை. நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. குறைத்தவர்கள் யார் என்றால், காக்கிச் சட்டையும் கைவிளக்கும் அகப்பையுமாக மாடி மாடியாக ஏறி இறங்கிய மாநகராட்சிப் பணியாளர்களே. அவர்கள் கதவைத் தட்டும்போது 'அப்புறம் வாங்க' என்று சொல்லி அனுப்புகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

நம் நகரத்தில் காணும் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகையைச் சேர்ந்தது. இதன் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்தும் மீண்டும் தலைகாட்டும். ஆதலின், குளிர் விட்டது, காய்ச்சல் விட்டது என்று நாலாம் நாளே மாத்திரையை நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொல்லும் 14 நாள் மருந்தை முழுதும் உட்கொள்ள வேண்டும். நாட்கூலி வாங்குபவருக்கு இது எளிதன்று. ஏலம் நடக்கும் அதிகாலையில் காசிமேட்டில் கூடை தூக்குபவர், துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர், பெட்டக லாரி ஓட்டுபவர் ஆகியோருக்கு ஒரு வாரக் காய்ச்சல் என்பது ஒரு வாரச் சோறு. வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளிதான் நோயைக் கொண்டுவந்தான் என்று ஏசுவதும் கேட்கிறது. கிருமி அவர் உடம்பில் வந்திருக்கலாம். அதை இன்னொரு வீட்டுக்கு எடுத்துச் சென்ற கொசு நம் தொட்டியில் பிறந்ததாகும்.

இனி, இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக ஒருமுறை மனத்தால் நடந்து பார்ப்போம். துறைமுகம் முதலில் வருகிறது. பன்னாட்டுச் சுகாதார விதிகளின்படி, துறைமுகத்தில் பயணிகளும் சரக்கும் கப்பலும் கையாளப்படும் இடங்களைச் சுற்றி 400 மீட்டர் தொலைவுக்காவது நோய்பரப்பும் கொசுக்களைக் கட்டுப்படுத்த வேண்டும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கே ஏராளமாக இருக்கிறது. கிருமி மட்டும் கப்பலேறி வரவேண்டும். ஆதலால் 400 மீட்டர் என்ற இந்த விதி ஏட்டளவில் நின்றுவிடக் கூடியதன்று. மதிலுக்கு வெளியே அந்தத் தொலைவுக்குள் இருப்பவை நம் இராயபுரத்துத் தெருக்கள். ஒரு வீட்டு மாடியில் திறந்து கிடக்கும் தொட்டி, அந்த வகையில் பன்னாட்டு விவகாரமாகிவிடுகிறது!

கொசுவும் பயணம் செய்யும் என்பதற்கு ஒரு சான்று. ஆசியாவுக்குரிய ஏடிஸ் இனம் ஒன்று 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பரவியிருக்கக் கண்டனர். அது கப்பலில் சென்ற பழைய டயர்களுக்குள் முட்டையாக ஒட்டிக்கொண்டு போனது என்று தெரிந்தது. சரக்குப் பெட்டகங்கள் அடுக்கிய கிடங்குகளும் லாரி நிறுத்துமிடங்களும் மணலி, எண்ணூர்ச் சாலைகளில் நிறைந்திருக்கின்றன. அங்கே குவிந்த டயர்களுக்குள் நிற்கும் மழைநீரைக் குலுக்கி வெளியேற்ற முடியாது. எப்படிச் சாய்த்தாலும் ஒரு பகுதி உள்ளேயே தங்கும். கூரையின்கீழ் வைக்கவேண்டும், அல்லது துளையிடவேண்டும். லாரியை எடை போடும் மேடையின் கீழே ஒரு குழி இருக்கும். அதையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

காசிமேட்டுக் கரையில் மரக் கட்டுமரங்கள் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கட்டுமரத்தில் நீர் தங்காது. இன்று பைபர் படகுகள் வந்துவிட்டன. மீன்பிடித் தடைக்காலத்திலும் பழுது பார்க்கும் காலத்திலும் கரையேற்றிய படகின் வயிற்றில் மழைநீர் நிற்கிறது. கவிழ்த்து வைக்கக்கூடிய சிறு படகைக் கவிழ்த்து வைக்கலாம். பெரியதாயின் அடியிலுள்ள தக்கையைப் பிடுங்கிவிட்டால் போதும். பயனற்ற பனிக்கட்டிப் பெட்டிகள், மிதவைகள், மேலே போர்த்திய தார்ப்பாயின் மடிப்புகள் இவற்றையும் மறக்கலாகாது.

அடுத்தது நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய். இதைப் பற்றிப் பேசும்போது நம் சுகாதாரப் பிரசாரம் சிறிது நேர்மையோடு நடந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. குழாயில் நாள்முழுதும் நீர் வரும் தெருவில் யாரும் பீப்பாயில் பிடித்து வைப்பதில்லை. வேளை தவறி வரும் குழாய்க்காகவும் தண்ணீர் லாரிக்காகவும் காத்து நிற்கும் பெண்மணி, கிடைத்தபோது நான்கு நாளைக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கத்தான் செய்வார். அவரிடம் 'நீர் தேக்காதீர்' என்று சொல்வது, பசித்தவனிடம் 'நொறுக்குத்தீனி தின்னாதே' என்பது போலாகும். மூடி வையுங்கள் என்பதே சரியான சொல். ஆனால் அந்தப் பீப்பாய் பெரும்பாலும் ஆலைகளில் பயன்பட்டுக் கழிந்தது. வாயை அகலமாக்க மேற்பகுதியை அறுத்திருப்பார்கள். மூடியும் அதோடு போயிற்று. அதற்கு ஓர் உபாயம்: பழைய வேட்டித் துணியை வாயில் இழுத்து விறைப்பாகக் கட்டி, சைக்கிள் டியூபை வளையமாக அறுத்து மாட்டிவிடலாம். துணி தொய்ந்து நீரைத் தொடாமல் இருக்கவேண்டும். வாரம் ஒருமுறை பீப்பாயைக் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். நீரைக் கொட்டினால் மட்டும் ஏன் போதாது என்பது, ஏடிஸ் முட்டையைப் பற்றி முன்னே சொன்னதை நினைவு வைத்திருப்பவர்களுக்கு விளங்கும். ஏழு நாளைக்கு ஒருமுறை என்று சொல்வதன் காரணமும் அதுபோல எளியது: கொசுவுக்கு எட்டு நாளாவது வேண்டும், நாம் ஏழாம் நாளே வந்துவிடுகிறோம்.

குழாயில் அழுத்தம் இல்லாததால் தெருமட்டத்துக்குக் கீழே குழி தோண்டி அடிபம்பு வைத்திருக்கும் வீடுகள் வடசென்னையில் பல உண்டு. அந்தக் குழியிலும் நீர் தேங்கும். மாடித் தொட்டிகளின் மூடியைக் கடற்காற்று தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மூடியைக் கயிற்றால் கட்டவேண்டும். மிகுநீர் வழியும் குழாயின் வாயில் சிறு வலைத்துண்டைச் சுற்றவேண்டும். கொசு வாசல்வழிதான் வரவேண்டும் என்பதில்லை.

மூட முடியாத கிணற்றுக்கு மீன் நல்ல காவல். அமெரிக்க நாட்டுக் கம்பூசியா என்னும் சிறுமீன் 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த மீன் ஒன்று நாளொன்றுக்கு நூறு முதல் முந்நூறு புழுக்கள்வரை தின்னும் என்பர். கண்ணாடித் தொட்டிகளில் குழந்தைகள் வளர்க்கும் கப்பி மீனும் இவ்வேலையைச் செய்யும். 2005-இல் கத்ரீனாப் புயலுக்குப்பின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மக்கள் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான நீச்சல் குளங்களை அடக்கிக் காத்ததும் கம்பூசியாதான். ஆனால் இம்மீனைக் கிணறு, தொட்டி, அடைபட்ட குளம் இவற்றில் மட்டுமே விடவேண்டும். ஏரியிலோ கொசத்தலை ஆற்றிலோ விட்டால், நம் நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று அழித்துவிடும். குளோரின் மிகுந்த நீரில் மீன் பிழைக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். குடிநீர்த் தொட்டிக்கு மாநகராட்சிப் பணியாளர் அளந்து ஊற்றும் மருந்து ஏற்றது. அதை நாமே வாங்கிக் கண்மதிப்பாக ஊற்றலாகாது.

தேங்கிய கழிவுநீர்க் குட்டையில் எண்ணெய் தெளிப்பது பழைய முறை. மேலே படியும் மெல்லிய ஏடு புழுவின் மூச்சை அடைத்துவிடும். இதைக் கேட்டுவிட்டு, கழிவு எண்ணெயைக் கழிமுகத்தில் கொட்டினாலும் நல்லதுதானே என்று எவரும் நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, படகும் வலையும் கரிபிடித்து, மீனும் நண்டும் மடிந்து, மீனவர் வாரக்கணக்கில் தொழில் இழந்தனர். அலையும் ஏற்றவற்றமும் உள்ள நீரில் மீன் இருக்கும்; புழுவை அது பார்த்துக்கொள்ளும்.

புகை வண்டியைப் பற்றியும் ஒரு சொல். மாலையில் வெண்புகை கக்கியபடி வண்டி வந்தால் தெருவே மகிழ்கிறது. சிறுவர்கள் பின்னால் ஓடுகின்றனர். அந்தப் புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தொட்டியில் உள்ள புழுவுக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. மறுநாளே சிறகு முளைத்து வெளியே வரும். டெங்கு பரவும்போது புகைக்குப் பயன் உண்டு. மற்ற நாட்களில் அது கண்ணுக்கு விருந்து.

கடல் கடந்து ஒரு செய்தி. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவில் ஸ்டீபன்சி இருப்பது தெரியவந்தது. அதுவரை அந்நாட்டில் இல்லாத கொசு, நம் கரைக்கு எதிரே, கிணறுகளில் குடிபுகுந்திருந்தது. ஆப்பிரிக்காவில் 2012-இல் ஜிபூட்டித் துறைமுக நகரில் முதன்முதல் காணப்பட்டு, அங்கிருந்து மேலும் பல நாடுகளுக்குப் பரவி வருகிறது. இலங்கைத் தமிழர் கொசுவை நுளம்பு என்பர். பெயர் எதுவாயினும் அது தேடும் கிணறு ஒன்றே.

கடைசியாக, பூட்டிய வீட்டையும் மூடிய ஆலையையும் பற்றி. பணியாளர் வந்து பார்க்கும்போது எல்லா வீட்டிலும் யாராவது இருப்பார்கள்; இந்த இடங்களில்தான் எவரும் இருப்பதில்லை. பாகப் பிரிவினை வழக்கில் பத்தாண்டாகப் பூட்டிய வீடுகள் இராயபுரத்தில் உண்டு. ஓசை அடங்கிய ஆலைகள் இந்தத் தொழிற்பகுதி நெடுக உண்டு. அங்கே தீயணைப்புக்குக் கட்டிய தொட்டியும் குளிர்நீர்த் தொட்டியும் கூரையின்றி நிற்கின்றன. காவற்காரர் ஒருவர் வாயிலில் இருப்பார். இரும்புச் சாமான் களவு போகாமல் பார்ப்பது அவர் வேலை. தொட்டியில் மீன் விடுவதையும் அவர் வேலையில் சேர்க்கலாம். சம்பளம் கொடுப்பவருக்கு அதனால் செலவு ஒன்றும் கூடாது.

சட்டம் இல்லாமல் இல்லை. பொது சுகாதாரத்துக்கென்று இந்தியாவில் முதன்முதலில் இயற்றப்பட்ட விரிவான சட்டம் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டமே. கொசு வளரும்படி நீரைத் தேக்கி வைத்திருப்பதே அதன்படி தவறு. சுகாதார அதிகாரி எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்கலாம். உரிமையாளர் செய்யாவிடில் தாமே செய்து செலவை அவரிடம் பெறலாம். உரிமை யாருக்கு என்பதுதானே வழக்கு என்று கேட்பார்கள். கிணற்றின்மேல் இரும்புச் சட்டமும் நெருக்கமான கொசுவலையும் போட ஒரு பிற்பகல் போதும். அதனால் எந்தப் பங்காளியின் பங்கும் குறையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியதும் அதிகம் இல்லை. 1913 என்ற எண்ணில் மாநகராட்சியை அழைத்து, தெருவின் பெயரையும் கதவிலக்கத்தையும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும், கிணறு கொல்லையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.